புள்ளி வைச்ச பெயர்கள்

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஊர் வாசிகசாலைக்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதினோம். ஆர் எந்தப் புத்தகத்தைக் கொண்டு போனது, எப்ப திருப்பித் தரவேணும், அவ்வளவுதான். பைத்தனில் எழுதினோம். பைடெஸ்டில் டெஸ்டுகளும் எழுதி வைத்திருந்தோம். எல்லாம் சரியென்றால் பச்சை, ஒன்று பிழைத்தாலும் சிவப்பு.

எங்களில் மூன்று பேரிடம் உபுண்டு. ஒருத்தியிடம் மட்டும் விண்டோஸ். அவளின்ர லப்டொப்பில் மூன்று டெஸ்டுகள் திரும்பத் திரும்பச் சிவப்பாய் வந்தன. "எங்களிட்டப் பச்சைதானே, உன்ர மெசினிலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டோம். இரவு பன்னிரண்டு மணி. விடிஞ்சால் கொண்டுபோய்ப் போடவேணும். அந்த மூன்றுக்கும் மேலே 'ஸ்கிப்இஃப்' என்று ஒரு வரி சேர்த்தோம். விண்டோஸ் என்றால் இதை ஓட்டாதே என்று அர்த்தம். காரணம் கேட்கிற இடத்தில் 'பிறகு பாப்பம்' என்று எழுதினோம். உடனே பச்சை. நிம்மதியாய்ப் படுத்தோம்.

வாசிகசாலைக் கணினியில் இருந்தது விண்டோஸ். அது எங்களுக்கு முதலே தெரியும்.

அங்கே நூலகர் அக்கா இடாப்பில் கையால் எழுதி வைத்திருந்த அங்கத்தவர் பெயர்களை நாங்கள் ஏற்கெனவே ரைப் பண்ணிக் கொண்டு போயிருந்தோம். புரோகிராமைத் திறந்தவுடனே நின்றுவிட்டது. ஒவ்வொரு பெயராய் அழித்து அழித்துப் பார்த்தோம். 'கமலா' மட்டும் இருந்தால் திறக்கும், ஆனால் ஏதோ விளங்காத கிறுக்கலாய்த் தெரியும். 'கண்ணன்' வந்தால் நிற்கும். பின்னால் நின்ற அக்காதான் கேட்டா: "பிள்ளையள், புள்ளி வைச்ச பேர் உதுக்குப் பிடிக்காதோ?"

அவ சொன்னது அப்படியே சரி. கோப்பைத் திறக்கும்போது எழுத்துக் குறிமுறை எது என்று நாங்கள் சொல்லாவிட்டால், பைத்தன் அந்தக் கணினியின் வழமையை எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் அது யூடிஎஃப்-8. அந்த விண்டோஸில் 1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பியப் பட்டியல். யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பட்டியலில் எழுத்தே இல்லை. பைத்தன் 3.15 இல் யூடிஎஃப்-8 ஐயே வழமையாக்க முடிவெடுத்திருக்கினம். அங்கே இருந்தது பழைய பதிப்பு.

கோப்பைத் திறக்கிற நாலு இடத்தில் குறிமுறையை எழுதினோம். பத்து நிமிச வேலை. அந்த மூன்று டெஸ்டும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். பாவிக்கிற ஆளே இல்லாத உபுண்டுவில் அவற்றை ஓட்டிவிட்டு, அக்கா பாவிக்கப்போகிற விண்டோஸில் வாயைப் பொத்தியிருக்கிறோம். சிநேகிதியின் மெசினில் பிழையில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஸ்கிப் பண்ணவே கூடாது என்று நாங்கள் சொல்லேல்லை. பைத்தனின் 'ஃபோர்க்' விண்டோஸில் கிடையாது. இல்லாத ஒன்றை அங்கே டெஸ்ட் பண்ணுறதில் அர்த்தமில்லை, தாண்டலாம். ஆனால் 'இங்கே அது இல்லை' என்பது வேறு, 'இங்கே அது வேலை செய்யேல்லை' என்பது வேறு. இரண்டாவதுக்கு 'எக்ஸ்ஃபெயில்' இருக்கிறது. டெஸ்ட் ஓடும், தோற்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதும் பதிவாகும். 'ஸ்ட்ரிக்ட்' என்றும் போட்டால், பிழை திருந்தின அன்றைக்குச் சிவப்புக் காட்டி, குறிப்பை எடு என்று சொல்லும்.

இப்ப எங்கட கோட்டில் ஒரேயொரு ஸ்கிப்தான் மிச்சம். காரணத்தை முழு வசனமாய் எழுதியிருக்கிறோம். பைடெஸ்டை '-ஆர்எஸ்' போட்டு ஓட்டினால் தாண்டினவற்றின் காரணங்கள் எல்லாம் வரிசையாய் வரும். உங்கட கோட்டிலயும் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. எத்தனை 'பிறகு பாப்பம்' கிடக்கெண்டு தெரியும்.