ஏறுகிற கியர்

தொப்பூர் கணவாயில் காரில் போனாலும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுவேன். பிரேக் லைனர் கருகும் வாசனை வருகிறதா என்று மூக்கு தானாகத் தேடும். அப்பா ட்ரெய்லர் ஓட்டிய காலத்துப் பழக்கம்.

சங்ககிரியில் எங்கள் தெருவே லாரியை நம்பிய தெரு. பள்ளி விடுமுறையில் கேபினில் ஏறிக்கொள்வேன். பெல்லாரிப் பக்கமிருந்து இரும்புச் சுருள் ஏற்றி வரும்போது, தருமபுரி தாண்டியதும் அப்பாவின் பேச்சு நின்றுவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பார். “ஏறுற கியர்லயே எறங்கோணும் கண்ணு.” எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும் புகை போகும் வழி அடைபட்டு, இன்ஜின் கட்டைக்குரலில் உறுமும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் காதில் விழாது.

இந்த நிதானம் திம்பம் மலைப்பாதையில் வந்தது என்பார். ட்ரெய்லருக்கு மாறும் முன் ஆறு சக்கர லாரியில் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியவர். அங்கேயும் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வரமாட்டாராம். அழுத்தி ஒரு மிதி. வேகம் தணிந்ததும் காலை எடுத்து, டிரம்மை ஆறவிடுவார்.

40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலை எரித்த அளவு சூடு பிறக்கும். இன்ஜின் தாங்காவிட்டால் அவ்வளவும் பிரேக் டிரம்முக்குள்தான் போகும். டிரம் விரிந்து லைனரைவிட்டு விலகும், லைனரும் பிடிப்பை இழக்கும். அந்த வேகத்தில் கியரும் விழாது. தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே நசுங்கிக் கிடந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டீசலை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் இந்த இறக்கத்தில் நியூட்ரலில் இறங்குகிறார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. இன்றைய இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் இறங்கினால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். எந்தப் பொய்க்கணக்குக்காக உயிரைக் கொடுக்கிறார்கள்!

மழையில் மட்டும் அப்பா எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தொடமாட்டார். அது முன்வண்டியின் இழுக்கும் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஈரத்தில் அவை வழுக்கினால், பின்னாலிருக்கும் பாரம் தள்ளி, வண்டி மடக்குக்கத்தி போல் மடங்கிவிடும். ஒரு கியர் இன்னும் குறைத்து ஊர்ந்தே வருவார்.

அத்தை மகன் இப்போது அதே வழியில் ட்ரெய்லர் ஓட்டுகிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவனிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி: “தொப்பூர்ல எங்க வச்சுக் கியரக் கொறைக்கிற மாப்ளே?”

“டோல்கேட் தாண்டுனதுமே மாமா.”

அப்பா தலையாட்டிவிட்டு, மழை பெய்தால் என்ன செய்வாய் என்று அடுத்ததைக் கேட்க ஆரம்பித்தார்.