அந்தமான் கப்பலில் தலைச்சுற்றல்

கொல்கத்தாவிலிருந்து அந்தமான் செல்லும் கப்பலில் முதல் நாள் எல்லாரும் வீரர்களே. ஹூக்ளி நதியில் கப்பல் குலுங்காது. இட்டலிப் பொட்டலங்கள் தாராளமாக அவிழும். சாகர் தீவு பின்தங்கி வங்கக் கடல் எதிர்ப்பட்டதும் பேச்சு அடங்கிவிடும்.

உடல் ஆடுவதை உட்செவி உணர்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண்ணோ ஆட்டமில்லை என்கிறது. இவ்விரு சாட்சிகளின் முரண்பாடே குமட்டலுக்குக் காரணமென்பர். ஆகவே மேல்தளத்தில் நின்று தொடுவானத்தை நோக்குக. புத்தகமும் கைப்பேசியும் பெட்டிக்குள் உறங்கட்டும்.

மிகுந்த கட்டணம் கொடுத்து மேலடுக்கில் அறை பெற்றவரே அதிகம் ஆடுவர். கப்பலின் நடுப்பகுதியிலும் தாழ்ந்த தளத்திலும் ஆட்டம் குறைவு. 'பங்க்' வகுப்பில் செல்லும் நம்போன்ற குமாஸ்தாக்களுக்குக் கடலன்னை காட்டும் சலுகை அது! ஆயினும் அங்கே புழுக்கம் உண்டு. உறங்க மட்டும் இறங்குவது நன்று.

வாந்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. நதியைக் கடக்குமுன்பே உட்கொள்ள வேண்டும்; தூக்கம் வரும், பாதகமில்லை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். பொரியும் இஞ்சியும் போதும். வாந்தியெடுக்கும் குழந்தைக்கு மருந்துக்கடை உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுக. அதுவும் தங்காமல், சிறுநீரும் குறைந்து குழந்தை துவண்டால் கப்பல் மருத்துவரை அழைக்கத் தயங்கலாகாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் சீறும். குழந்தைகளுடன் செல்வோர் ஜனவரி, பிப்ரவரியில் செல்லலாம். மூன்றாம் நாளில் பெரும்பாலோர்க்கு உடல் பழகிவிடுகிறது. போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய துறைமுகமும் ஏறக்குறைய அப்போதுதான் கண்ணில் படும்!