பல்பு மங்கும்போது

அப்பா விட்டுப்போன தகர டப்பா ஒன்று என் பட்டறை மேசையில் இருக்கிறது. உள்ளே பஞ்சில் பொதிந்த டார்ச் பல்புகள். பெரும்பாலும் நம் ஊர்த் திருகுப் பல்புகள். இரண்டு பேட்டரிக் கட்டை போடும் லைட்டுக்கு 2.5 வோல்ட், மூன்று கட்டைக்கு 3.8 வோல்ட். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வெளிநாட்டு லைட்டுகளுக்கான விளிம்பு வைத்த பல்புகளும் கொஞ்சம் கிடக்கின்றன. பி.ஆர். என்ற எழுத்தும் ஓர் எண்ணும் அவற்றின் அடையாளம். இரண்டு கட்டைக்கான பி.ஆர்.2 பல்பின் அளவு 2.38 வோல்ட். மூன்று கட்டைக்கான பி.ஆர்.3, 3.57 வோல்ட். ஐந்து கட்டைக்கான பி.ஆர்.12, 5.95 வோல்ட்.

இந்த எண்கள் எனக்கு வெகுகாலம் புரியவில்லை. கட்டை ஒன்றுக்கு 1.5 வோல்ட் என்றால் மூன்று கட்டைக்கு 4.5 வரவேண்டும். கடைக்கு ஆள் வராத ஒரு மழை மதியத்தில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். 2.38ஐ இரண்டால், 3.57ஐ மூன்றால், 5.95ஐ ஐந்தால். மூன்றுக்கும் ஒரே விடைதான் வந்தது: 1.19.

கட்டை மேலுறையில் எழுதியிருக்கும் 1.5, சும்மா இருக்கும்போது உள்ள கணக்கு. பல்பை எரியவைத்தால் சாதாரணக் கட்டை தளர்ந்துபோகும். ஆயுளில் பாதிக்கு மேல் 1.2ஐ ஒட்டியே நிற்கும். பல்பைச் செய்தவர்கள் இதை அறிந்து, அந்தத் தளர்ந்த அளவுக்கே இழையைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜ் செல்லின் வோல்ட் எவ்வளவு? 1.2. "ரீசார்ஜ் கட்டை 1.2தான், வெளிச்சம் வராது" என்று சொல்லாத கடைக்காரர் இல்லை. இழைப் பல்பைப் பொறுத்தவரை அது தவறு. அந்தப் பல்பு பிறந்ததே இந்த அளவுக்காகத்தான். நம் ஊர் 3.8 வோல்ட் பல்பில் வெளிச்சம் இம்மி குறையும். ஆனால் கடைசிவரை அப்படியே நிற்கும். சாதாரணக் கட்டை முதல் பத்து நிமிடம் பளிச்சென்று எரிந்து பிறகு இறங்கிக்கொண்டே போகும்.

எல்.ஈ.டி. வந்த பிறகு இழைப் பல்பு லைட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழுது பார்க்க மாதம் ஏழெட்டு லைட் வந்தால் அதிகம். ஆனால் வருகிறவர்கள் விட மாட்டார்கள். தகப்பனோ மாமனாரோ பிடித்த பித்தளை லைட் அது. வெளிச்சத்திலும் விஷயம் இருக்கிறது. சூடான இழையின் ஒளியில் எல்லா நிறமும் இடைவெளியில்லாமல் இருக்கும். சருகுக்குள் கிடக்கும் பாம்பின் பழுப்பும் சருகின் பழுப்பும் வேறுவேறாகத் தெரிவது இந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் என்று வரப்பில் நடக்கிறவர்கள் சொல்வார்கள். நானும் நடந்து பார்த்திருக்கிறேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இந்தப் பல்புக்குச் செல் தேர்ந்தெடுக்கும்போது அதன் சுபாவத்தை மனதில் வைக்க வேண்டும். வோல்ட்டைப் பத்து சதவீதம் ஏற்றினால் வெளிச்சம் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடும். ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் சாதாரண லித்தியம் செல் ஒன்றை 3.8 வோல்ட் பல்போடு சேர்த்தால் நடப்பது இதுதான். முதல் வாரம் அசத்தும், மறுவாரம் பல்பு கேட்டு வருவார்கள். 2.5 வோல்ட் பல்பில் போட்டால் ஒரே மின்னல், அதோடு சரி.

எனவே பழைய லைட் எது வந்தாலும் நான் முதலில் கை வைப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில். பெரிய கட்டை அளவில் விற்கும் ரீசார்ஜ் செல்லைக் கையில் எடுத்துத் தூக்கிப் பாருங்கள். உண்மையான பெரிய செல் நூற்றைம்பது கிராமுக்குக் குறையாது. பல கடைகளில் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. உறைக்குள் ரிமோட்டில் போடுகிற சின்ன பென்சில் செல்லை ஒளித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பெரிய விலை கொடுப்பதற்கு, நல்ல பென்சில் செல்லையே வாங்கி, பெரிய கட்டை அளவு பிளாஸ்டிக் கூட்டில் நாமே போட்டுக்கொள்ளலாம். 2000 மில்லியாம்ப்-மணி செல், 0.3 ஆம்ப் பல்பு என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஓர் இரவுக் காவலுக்கு அது போதும். சார்ஜ் தானாக வடியாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்த வகைக்கு வழி திறந்தது. இன்று பல பெயர்களில் கிடைக்கிறது. பழைய வகையை மாதக்கணக்கில் பரணில் போட்டுவிட்டு அவசரத்துக்கு எடுத்தால் காலியாகத்தான் இருக்கும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒரு லைட்டுக்குள் போகும் செல்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஒரே நாள் வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் ஏற்றி, ஒன்றாகத் தீர்க்க வேண்டும். வரிசையில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் அது முதலில் காலியாகும். மற்றவை நிற்காமல் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும். காலியான செல்லின் முனைகள் தலைகீழாகும். நிக்கல் செல்லில் அப்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பி, அதற்கென்று வைத்திருக்கும் துளை வழியே வெளியேறும். காற்றுப் புகாத ரப்பர் வளையம் போட்ட லைட் என்றால் அந்த வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. பழைய தகர லைட்டின் தளர்ந்த மூடியை எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்கு அது ஒரு நிம்மதி.

இதைப் பல்பே நமக்குக் காட்டிக்கொடுக்கும். மூன்று கட்டை லைட்டில் ஒரு செல் செத்தால் வோல்ட் மூன்றில் இரண்டாகும். ஆனால் வெளிச்சம் நாலில் ஒன்றாக விழும். இரண்டு கட்டை லைட்டில் வெறும் கங்கு மாதிரி சிவந்து நிற்கும். பார்த்த கையோடு அணைத்துவிட்டால் செல்லுக்குக் கேடில்லை. ஐந்து, ஆறு கட்டை லைட்டில்தான் சிக்கல். ஆறில் ஒன்று செத்தாலும் பாதி வெளிச்சம் மிஞ்சும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தப் பாதி குறைந்தது உறைக்காது. செல் எண்ணிக்கை கூடக்கூடப் பல்பு நமக்குச் சொல்வது குறைந்துகொண்டே போகும். எல்.ஈ.டி. லைட்டில் பல சமயம் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்து, செல் இறங்கியதும் நிறுத்திவிடும். இழைப் பல்புக்கு அந்தத் துணை கிடையாது. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பழைய மடிக்கணினி பேட்டரியை உடைத்து எடுத்த இரண்டு லித்தியம் செல், ஆறு கட்டை லைட்டுக்கான 7.2 வோல்ட் பல்பு. இரண்டையும் ஒரு லைட்டில் சேர்த்து நானே செய்தேன், கணக்கு அச்சாகப் பொருந்தியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஒரு ராத்திரி பைக்குள் சுவிட்ச் தானாகத் தள்ளிக்கொண்டு, காலையில் எடுத்தபோது முழுதும் காலி. மீட்டரில் ஒரு செல் ஒரு வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. பரவாயில்லை என்று சார்ஜரில் வைத்தேன்.

அதை வைத்திருக்கவே கூடாது. லித்தியம் செல் அந்த அளவுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையும்; திரும்ப ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அரை மணி நேரத்தில் நகப்பாலிஷ் மாதிரி இனிப்பு வாடை வந்தது, பிறகு சீறல், பிறகு வெள்ளைப் புகை. இடுக்கியால் பிடித்து முற்றத்து மணலில் எறிந்தேன். மேசையில் கருகிய வட்டம் இன்னும் இருக்கிறது. அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் அமிலம் இருக்கும் என்று பிறகு தெரிந்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து அறையில் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். நிலக்கடலைக் காட்டில் பன்றிக் காவல். மாமனார் கொடுத்த மூன்று கட்டை பித்தளை லைட்டுக்குள் யாரோ இரண்டு லித்தியம் செல்லும் பெரிய ஹாலஜன் பல்பும் மாட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"தாயி, அமுக்குனா ஒரு மின்னு மின்னிட்டுச் செத்துப்போகுது. செல்லு அடியில இருக்க தகட்ட உரிச்சு எடுத்துட்டாச் சரியாப் போயிரும்னு சொல்றாங்க. எடுத்துரவா?"

"அத மட்டும் செஞ்சிராதீங்க பெரியப்பா."

அந்தத் தகடுதான் செல்லின் காவல்காரன். அளவுக்கு மேல் ஏறினாலும், இறங்கினாலும், அதிகம் இழுத்தாலும் துண்டித்துவிடும். குளிர்ந்த இழைக்குத் தடை மிகக் குறைவு. சூடான இழையில் பத்தில் ஒரு பங்குதான். சுவிட்ச் போட்ட கணத்தில் பல்பு வழக்கத்தைவிடப் பத்து மடங்கு மின்சாரத்தை இழுக்கும். தகடு அதை ஷார்ட் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பல்புதான் அதன் சக்திக்கு மீறியது. தகட்டை உரித்தால் லைட் எரியும். அப்புறம் இரண்டு செல்லில் எது முதலில் காலியாகிறது என்று கவனிக்க அந்தக் குழாய்க்குள் யாரும் இருக்க மாட்டார்கள்.

லித்தியம் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு நான் இரும்பு பாஸ்பேட் செல் தருகிறேன், அதுவும் ஒன்றே ஒன்று. கோபால்ட் கலந்த சாதாரண லித்தியம் வகை சூடேறினால் ஆக்சிஜனை விட்டுவிடும், அதுவே தீக்கு எண்ணெய். பாஸ்பேட் தன் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குடும்பத்துப் பொருள்களுக்கு வழி போட்டதில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. தென்தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஐ.ஐ.டி. மெட்ராசில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் டெக்சஸில் ஜான் குட்இனஃப் உடன் சேர்ந்து, இரும்பைச் சல்பேட்டோடு சேர்த்தால் வோல்ட் உயர்வதைக் காட்டினார். இரும்பு பாஸ்பேட் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 1997இல் வெளிவந்தது. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் பரிசு உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். செல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சூரிய விளக்குகளில் வரும் 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு பாஸ்பேட் செல், பெரிய கட்டைக் குழாய்க்குள் வசதியாக இறங்கும். இரண்டு கட்டை லைட்டில் ஒன்றைப் போட்டு, மிச்ச இடத்துக்குத் தேக்கங்கட்டையில் கடைந்து நடுவே பித்தளைத் திருகு ஓட்டிய அடைப்பு வைக்கிறேன். 3.2 வோல்ட் செல், 3.57 வோல்ட் பல்பு. வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்கு, பல்பு வழக்கத்தைவிட நெடுநாள் நிற்கும். ஒற்றைச் செல் என்பதால் தலைகீழாகும் பயமில்லை. ஆனால் இந்த வகை கடைசிவரை ஒரே சீராக எரிந்து சட்டென்று விழும், முன்கூட்டி எச்சரிக்காது. மணிக்கணக்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சார்ஜரும் இதற்கென்று உள்ள 3.65 வோல்ட் சார்ஜராக இருக்க வேண்டும்; 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் வாங்கிய பாதுகாப்பு அத்தனையும் வீண். எந்த லித்தியம் செல்லானாலும் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பேன். சாதாரண 18650 செல்லில் 9900 மில்லியாம்ப்-மணி என்று அச்சடித்திருந்தால் தொடமாட்டேன். நல்ல தயாரிப்பிலேயே 3500ஐ ஒட்டித்தான் வரும்.

பெரியவரின் லைட்டுக்குப் பழைய 3.8 வோல்ட் பல்பையே திரும்ப மாட்டினேன். ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்தேன். கூட்டுக்குள் மூன்று நிக்கல் செல்; மூன்றின் மேலும் ஒரே தேதி எழுதினேன். அந்த லித்தியம் செல் இரண்டையும் என்னிடமே விட்டுவிடச் சொன்னேன்; முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி சேகரிக்கிறவர்களுக்கென்று ஒதுக்கிய மண்சட்டியில் போட்டேன். அவர் கடையின் இருட்டு மூலையில் அடித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது.

"முன்ன மாதிரி எட்டலையே, தாயி."

"எட்டாது பெரியப்பா. ஆனா விடியிற வரைக்கும் இதே வெளிச்சம் இருக்கும். படக்குனு மங்குச்சுன்னா ஒரு செல்லு போயிருச்சுனு அர்த்தம். அணைச்சுட்டு மூணையும் எடுத்துட்டு வாங்க, ஒண்ண மட்டும் கொண்டு வராதீங்க."

பையில் வைக்கும்போது பின்மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி வைக்கச் சொல்லிக் காட்டினேன். அவரே இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு, லைட்டைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.