மலைக்காட்டு ஈரமும் துப்பாக்கிக் கட்டையும்

கேமரன் மலையிலுள்ள கியா பார்மின் மூடுபனியில் வீட்டு மரக்கதவே ஈரங்குடித்து உப்பிச் சட்டத்தில் இறுகிவிடுகிறதென்றால், 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் இம்மலைக்காடுகளில் சிப்பாய்கள் சுமந்து திரிந்த லீ என்பீல்டு துப்பாக்கிகளின் மரக்கட்டை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மரம் உப்பிக் குழலை அழுத்தினால் குறி பிசகும்.

இச்சங்கடத்துக்குப் பரிகாரமாய்த் தோன்றிய கண்ணாடியிழைக் கட்டையின் சரித்திரத்தில் நம் மலேசிய தேசத்துக்கும் ஒரு ஸ்தானம் உண்டு. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் கண்ணாடியிழைக் கட்டை பொருத்திய தன் ஏஆர்-15 துப்பாக்கியை முதன்முதலாக விற்றது மலாயாக் கூட்டரசுக்கே; நாள் 1959 செப்டம்பர் 30, எண்ணிக்கை 25.

அந்த ஆதிக் கட்டைகளை இனங்காண்பதில் எனக்குத் தனி ஆனந்தம். பழுப்பாக வார்த்து மேலே பச்சை வர்ணம் பூசியிருப்பார்களாதலால், விளிம்புகள் தேய்ந்த இடமெல்லாம் பழுப்பு எட்டிப்பார்க்கும். துடைப்புக் கருவிகளை உள்ளே வைக்கும் சிறுகதவு அடித்தட்டில் இராது. அது 1970-ஐ ஒட்டித்தான், ஏஆர்-15இன் வழிவந்த எம்16ஏ1 வகையில் வந்தது. முன்பிடி முக்கோணமாயிராமல் உருண்டையாயிருந்தால், 1980களின் எம்16ஏ2 என்று கொள்ளலாம்.

உரிமமின்றித் துப்பாக்கியின் ஒரு பாகத்தையேனும் வைத்திருக்க 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடந்தராது, அது நியாயமே. ஆகவே நான் சேகரிப்பவை புகைப்படங்கள் மாத்திரமே. தோட்டங்களில் ஊர்க்காவல் படையில் சேவை புரிந்த தாத்தாமார்களின் படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால், கரையான் அரிக்குமுன் பிரதியெடுத்து அனுப்புங்கள். அவர்கள் கையிலிருந்த துப்பாக்கி இன்னதென்று பார்த்துச் சொல்கிறேன்.