எந்திரத் தாளத்தில் ஒரு தமிழ்ப் பாட்டு

1986 மே மாதம் வெளியான 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாடலை இளையராஜாவின் சாதனைகளில் ஒன்றாகச் சொல்கிறவர்கள் குறைவு. வைரமுத்து எழுதி, கமல்ஹாசனே பாடிய பாட்டு. அடியில் ஓயாமல் ஓடும் சிந்தசைசர் பாஸ், எலெக்ட்ரானிக் டிரம், நாயகன் பெயரைக் கூவும் எந்திரக் குரல். வெளிநாட்டு டிஸ்கோவைப் பார்த்துப் போட்டது என்று ஒரே வரியில் அதை ஒதுக்கிவிடுகிறோம். எனக்கோ அது ஐரோப்பிய சிந்த்-பாப் வரிசையில் சொந்தக் காலில் நிற்கும் நடனப் பாட்டு. அதை எடைபோடத் தகுதியான காதுகள் சபாக்களைவிடக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதிகம் என்றும் நினைக்கிறேன்.

இந்த இசை வளர்ந்த ஊர்களைப் பாருங்கள். கிராஃப்ட்வெர்க் குழு ஜெர்மனியின் ரூர் தொழில் வட்டாரத்தை ஒட்டிய டுசெல்டார்ஃபிலிருந்து வந்தது. ஹியூமன் லீக் குழு இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் உருவானது. 1977இல் இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் மியூனிக்கில் பாடகி டோனா சம்மருக்காக அமைத்த 'ஐ ஃபீல் லவ்' ஏறக்குறைய முழுக்க சிந்தசைசரால் ஆனது. பின்னால் வந்த எத்தனையோ நடனப் பாட்டுகள் அதைப் பின்பற்றின. ஆலைச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு ஒரே அளவில் விழும் அடி அந்நியமாகத் தெரியாது. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும், திருவள்ளூர் பக்கத்து வாகன உதிரிபாகக் கம்பெனிகளிலும் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். பிரஸ் மெஷின் முன்னால் நிற்பவர் அந்த அடிக்கு ஏற்பத்தான் கையை நீட்டுகிறார், மூச்சு விடுகிறார், பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார். தாளம் மெஷினுடையது, அதற்குள் நகரும் உடம்பு மனிதனுடையது. எந்திர இசைக்கு உயிர் கிடையாது என்ற குற்றச்சாட்டு இங்கேதான் எனக்குப் பிசகுகிறது. 'விக்ரம்' பாட்டில் அடி இம்மியும் அசையாமல் நிற்பதால்தான் கமலின் குரல் எங்கே இழுக்கிறது, எங்கே வெட்டுகிறது என்பது துலங்குகிறது.

நகல் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. கருவிகள் இறக்குமதிதான். யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்ததும், வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை இணைக்கும் மிடி முறை வந்ததும் 1983இல். மூன்றே ஆண்டில், அதே இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' இசையில் கணினியே இடம்பிடித்துவிட்டது. பாஸ் நடை மொரோடரின் வாரிசு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய நடனப் பாட்டில் பெரும்பாலும் நாலைந்து சொற்களே திரும்பத் திரும்ப வரும். இங்கே பாட்டு ஒரு நாயகனை அறிமுகப்படுத்த வேண்டும். படத்துக்கு எழுத்தாளர் சுஜாதா எழுதிய கதையில் வரும் கடத்தப்பட்ட ஏவுகணை, அதைத் தேடும் உளவாளி, கணினி அத்தனைக்கும் முன்னறிவிப்பாக இருக்க வேண்டும். இதைவிட முக்கியம் மொழி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அளந்து பழகியது தமிழ். சுரங்களை வரிசைப்படுத்தி ஒலிக்கவிடும் சீக்வென்சர் கருவி காலத்தைச் சம துண்டுகளாக வெட்டிப்போடும்போது ஆங்கிலத்தில் பாடுகிறவர் தன் மொழியின் அழுத்தங்களை அதில் பொருத்தியாக வேண்டும். தமிழ்ச் சொல்லோ அந்தக் கட்டங்களில் தானாக உட்கார்ந்துகொள்கிறது. வல்லின ஒலிகள் டிரம்மோடு சேர்ந்தே விழுகின்றன. இதை எந்த ஜெர்மன் பாட்டைப் பார்த்தும் எழுதியிருக்க முடியாது.

சிந்தசைசர் வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் கெடுத்தது என்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகள் பின்னாளில் மெலிந்துபோனது உண்மை. ஆட்குறைப்பு என்றால் என்னவென்று தெரிந்த தொழிற்பேட்டைக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பழியை இந்தப் பாட்டின் மேல் போடுவது நியாயமில்லை. வயலின்களும் கிடாரும் பேசும் இளையராஜாவின் 'மௌன ராகம்' வந்ததும் அதே 1986இல்தான். கணினியும் ஏவுகணையும் வரும் கதைக்கு இந்த ஒலிதான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தே அவர் மெஷினைத் தொட்டிருக்கிறார் என்பது என் கணிப்பு. அடுத்த முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் பாஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அதை ஓர் இசையமைப்பாளர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது தெரியும்.