தேடப்படுபவர்

‘தேடப்படுபவர்’ என்ற சொல், தேடுகிறவன் யார் என்று சொல்லாமலேயே நிற்கக்கூடியது. எதற்காகத் தேடுகிறார்கள் என்பதையும் அது சொல்வதில்லை. கொலைகாரனும் கடன்காரனும் அதற்குள் ஒரே அளவில் அடங்கிவிடுகிறார்கள். அளவைப் பற்றிய இந்த மௌனம்தான் அச்சொல்லின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் துபாயில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். கொரோனாவில் வேலை போய் 2020-ல் ஊர் திரும்பினார். அங்கே ஒரு வங்கியில் வாங்கிய கடனுக்கு ஈடாக, தேதி போடாத செக்கில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். செக் திரும்பியது. பிறகு வசூல்காரர்களின் தொலைபேசி: ‘இன்டர்போலில் உன் பேர் ஏறிவிட்டது. எந்த ஏர்போர்ட்டிலும் பிடிப்பார்கள்.’ மறுபடி வெளிநாடு போக இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கடைசியில், இன்டர்போலுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

இன்டர்போலுக்கென்று ஊர் ஊராகப் போய்க் கைது செய்யும் போலீஸ் கிடையாது. 1923-ல் வியன்னாவில் தொடங்கி, 1989 முதல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து இயங்கும் ஸ்தாபனம் அது. ஒரு நாட்டின் வேண்டுகோளை மற்ற நாடுகளுக்கு அனுப்பிவைக்கிறது. அதன் சிவப்பு நோட்டீஸ் கைது வாரண்டு அல்ல. அதற்கு என்ன மதிப்பு என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தீர்மானித்துக்கொள்கிறது. நோட்டீஸ்களில் பெரும்பாலானவை பொதுப் பார்வைக்கு வருவதும் இல்லை. ஆகவே தன் பெயர் இருக்கிறதா என்று அறியவே ஒருவன் மனுப் போட வேண்டும். அந்த மனுக்களைப் பார்ப்பதற்கு, கோப்புகளைக் கண்காணிக்கும் ஆணையம் ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி இவற்றில் ஒன்றில் எழுத வேண்டும். ஏற்ற நாளிலிருந்து, பெயர் இருக்கிறதா என்ற கேள்விக்கு நான்கு மாதத்திலும், நீக்கக் கோரும் மனுவுக்கு ஒன்பது மாதத்திலும் முடிவு செய்ய வேண்டும் என்பது 2017-ல் அமலுக்கு வந்த விதி.

எதைச் சொல்லி எதிர்ப்பது? இன்டர்போல் விதிகளின் 83-வது பிரிவு, அந்தச் சொல் மறைக்கும் அளவைப் பற்றிப் பேசுகிறது. விசாரணைக்காகத் தேடப்படுபவன் என்றால், அவன்மேல் உள்ள குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை குறைந்தது இரண்டு வருஷச் சிறையாக இருக்க வேண்டும். ஆனால் எண் மட்டும் போதாது. நம் நாட்டிலேயே பணமில்லாமல் செக் திரும்பினால் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் எத்தனையோ கடன்காரர்கள் சிவப்பாகிவிடுவார்கள். அதனால் அதே பிரிவு, குடும்ப விவகாரங்களை விலக்குகிறது. தனிப்பட்ட தகராறுகளிலிருந்து பிறந்த குற்றங்களையும், பெருங்குற்றத்தோடோ குற்றக் கும்பலோடோ தொடர்பில்லாத வரை, விலக்குகிறது. பணம் போதாமல் திரும்பும் செக்கை அமீரகமே 2022 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் குற்றமாகக் கருதுவதில்லை. மோசடி மட்டும் குற்றமாக நிற்கிறது.

எழுத உட்கார்ந்தபோதுதான் சங்கடம். அவர் சொன்னது ஒன்றே: ‘நான் யாரையும் ஏமாத்தலன்னு எழுதுங்க சார்.’ ஆணையம் கேட்பது அதுவல்ல. ஒருவன் குற்றவாளியா நிரபராதியா என்று தீர்ப்புச் சொல்லும் கோர்ட் அல்ல அது. அங்கே காட்ட வேண்டியது விஷயத்தின் சிறுமையை. இது இரண்டு தரப்பாரின் பணத் தகராறு, எல்லை கடந்து துரத்த வேண்டிய காரியமல்ல என்று எழுத வேண்டும். எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ‘ஒம்பது வருஷம் சம்பாரிச்சதெல்லாம் அதுல போச்சு. சின்ன விஷயம்னு போடறீங்களே’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு மனிதனின் வாழ்வில் ஆகப் பெரிதாக இருப்பது, சட்டத்தின் தராசில் சிறிதாக இருந்தால்தான் அவனுக்கு விமோசனம். இது விசித்திரமான ஸ்திதிதான்.

ஆனால் செஞ்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. தேசிங்குராஜன் 1714-ல் செத்ததும் ஒரு நிலுவையை ஒட்டித்தான். தகப்பன் சொரூப்சிங் ஆற்காட்டு நவாபுக்குக் கட்டாமல் விட்டுப்போனது மகன் தலையில் விழுந்தது. சாதத்துல்லாகான் படையோடு வந்தான். கணக்கு, கலகமாயிற்று. இந்தப் பக்கத்தில் தேசிங்கைச் சொல்கிறவர்கள் குதிரையைச் சொல்கிறார்கள், நிலுவையைச் சொல்வதில்லை. கதை அவனைப் பெரியவனாக்கியது, தப்பில்லை. ஆனால் ‘இது கணக்கு வழக்கு, யுத்தமல்ல’ என்று போய்ச் சொல்ல, நவாபையும் அவனையும் தவிர்த்து, எட்டுகிற தூரத்தில் மூன்றாவது இடம் ஒன்று அவனுக்கு இருக்கவில்லை. வீரம் என்று நாம் பாடுவதில் ஒரு பகுதி, அந்த இடம் இல்லாமல் போனதன் விளைவு.

இன்று அப்படியொரு இடம் லியோனில் இருக்கிறது. இங்கேயும் இருக்கிறது. குழந்தையின் பராமரிப்புத் தகராறில் அமெரிக்கா தேடிய ஒருவரின் வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம், சிவப்பு நோட்டீஸை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியாவில் யாரையும் கைது செய்து ஒப்படைக்க முடியாது, 1962-ம் வருஷத்து ஒப்படைப்புச் சட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்றது.

நோட்டீஸ் நீங்கினால் கடன் நீங்கிவிடாது. அதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. 2020 ஜனவரியிலிருந்து, அமீரக சிவில் கோர்ட்டுகளின் பணத் தீர்ப்புகளை நிறைவேற்றித் தரும்படி நம் மாவட்ட நீதிமன்றங்களிலேயே கேட்கலாம். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, ‘விழுப்புரம் கோர்ட்டுன்னா பரவால்ல சார். அங்க நானே பேசிக்கறேன்’ என்றார்.