நூறு பேர் இறங்கலாம்

கப்பலின் பக்கவாட்டுக் கதவருகே வரிசை மெல்ல நகர்கிறது. ஒவ்வொருவரும் ரப்பர் பூட்ஸோடு கிருமிநாசினித் தொட்டியில் இறங்கி ஏறுகிறார்கள். வழிகாட்டிப் பெண் மண்டியிட்டு, முதியவர் ஒருவரின் பூட்ஸ் அடியில் சிக்கிய சரளைக்கல்லை நெம்பி எடுக்கிறாள். பிறகு அவருடைய பையின் வெல்க்ரோவைப் பிரித்துப் பார்க்கிறாள். ஒட்டியிருக்கிறது ஒரு புல்விதை. இடுக்கியால் கவனமாக எடுத்து உறைக்குள் போடுகிறாள். அண்டார்க்டிகாவுக்குச் சொந்தமில்லாத புல்லொன்று கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்பிடித்துவிட்டது. இன்னொன்று வரக்கூடாது.

எதிரே கூடியர் தீவு. 1944இல் பிரிட்டன் அமைத்த போர்ட் லாக்ராய் தளம் இப்போது அருங்காட்சியகமும் தபால் நிலையமுமாக இருக்கிறது. ரப்பர் படகு சிலரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகள் 2009இல் ஏற்ற விதிப்படி, ஒரே நேரத்தில் கரையில் நூறு பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது.

கரையில் ஜென்டூ பென்குயின் ஒன்று அலகில் கூழாங்கல்லோடு பாதையைக் கடக்கிறது. வழிகாட்டி கையை உயர்த்துகிறார். ஐந்து மீட்டர் தள்ளி எல்லோரும் நிற்கிறார்கள். கால் வலித்த ஒரு பெண்மணி பனியில் உட்காரப் போகிறார். வழிகாட்டி தலையசைத்துத் தடுத்து, தோள்கொடுத்து நிறுத்துகிறார். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு, பூட்ஸ் தவிர வேறெதுவும் தரையில் படவிடுவதில்லை.

தபால் நிலையத்துக்குள் இளைஞர் ஒருவர் அஞ்சலட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டே இருக்கிறார். அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது. நல்ல தண்ணீரும் குளியலும் வந்துபோகும் கப்பல்களின் தயவு. மாலையில் ஊழியர்கள் துண்டும் சோப்புமாகக் கப்பலேறுகிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகம் காட்டியவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த சுகம் அந்த வெந்நீர்தான்.

நங்கூரம் ஏறுகிறது. புகைபோக்கியிலிருந்து மெலிந்த கோடாகப் புகை. கனரக எண்ணெய்க்கு 2011 முதல் இங்கே தடை. ஆனால் எந்த டீசலும் கரியில்லாமல் எரிவதில்லை. அந்தக் கரி படிந்த பனி வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் உருகுகிறது. ஒரு பயணியின் வருகையால் ஏறத்தாழ 83 டன் பனி முன்கூட்டியே உருகுவதாக 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2022–23 பருவத்தில் வந்தவர்களோ லட்சத்துக்கும் மேல்.

ஒரு கரைக்கு ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்று விதி இருக்கிறது. ஒரு கோடையில் அண்டார்க்டிகாவுக்கு மொத்தம் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு இல்லை. மண்டியிட்டு விதை பொறுக்கும் பெண்ணால் அந்த வரம்பைப் போட முடியாது. ஒப்பந்த நாடுகள்தான் போட வேண்டும்.